ஒரு கரண்டி உறை

நாற்றம் வரட்டும் என்று ஓர் ஊரே கூடி நின்று காத்திருந்ததை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் ஊரில் அது நடந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன், மூக்கைப் பொத்திக்கொள்ளத் துண்டைத் தயாராகத் தோளில் போட்டுக்கொண்டு.

என் பெயர் பரணிதரன். ஊர் வரகம்பாளையம், நாமக்கல்லுக்கு மேற்கே. முட்டை லாரிகளுக்கு மேய்ப்பன் நான். இப்போதெல்லாம் லாரிகள் டிரைவர் இல்லாமல் தானாகவே ஓடுகின்றன. ஆனால் நடுவழியில் எதையாவது பார்த்து மிரண்டு நின்றுவிட்டால் போய் அதட்டிக் கூட்டிவர ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள் நான்தான். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. என் பெருமையெல்லாம் என் மனைவி இலக்கியாவைப் பற்றி. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆகவே கொஞ்சம் பீற்றிக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் மனிதர்களை எண்ணி முடித்துவிடலாம், கோழிகளை முடியாது. ஊரைச் சுற்றி ஆறடுக்குக் கோழி மாடங்கள் நிற்கின்றன. அவ்வளவு கோழி இருந்தால் அவ்வளவு எச்சம் இருக்கும். எச்சம் ஈரப்பட்டால் அதிலிருந்து அமோனியா கிளம்பும். கண் எரியும், தொண்டை கமறும், குழந்தைகளுக்கு இருமல் நிற்காது. எங்கள் ஊர்க்காரன் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து கதவோரம் போய் நிற்பார். துவைத்த சட்டைதான் போட்டிருப்போம். துவைத்து உலர்த்திய இடமும் எங்கள் ஊர்தானே, அதற்கு நாங்கள் என்ன செய்ய? எங்கள் ஊர்ப் பையனுக்குப் பெண் கேட்டுப் போனால், ஊர்ப் பேரைச் சொன்ன உடனேயே காபி டம்ளர் பாதி வழியில் நின்றுவிடும்.

பிறகு காற்று ஆணையம் என்று ஒன்று வந்தது. பண்ணை உள்ள ஊருக்கெல்லாம் ஒரு கம்பம் நட்டார்கள். கம்பத்தின் நடுவில் காற்றை முகர்ந்து பார்க்கும் கருவி, உச்சியில் ஒரு விளக்கு. காற்று நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், மூச்சு விடத் தகாததாக இருந்தால் சிவப்பு. நாங்கள் அதற்கு மூக்குக் கம்பம் என்று பேர் வைத்தோம். நட்ட நாளிலிருந்து எங்கள் கம்பம் சிவப்பைத் தவிர வேறு நிறத்தைக் காட்டியதில்லை. கோயில் திருவிழாவுக்குத் தனியாக சீரியல் லைட் போட வேண்டாம் என்று நாங்களே கேலி பேசிக்கொண்டோம்.

அந்தக் கேலி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. சிவப்பு ஊர்களைக் காலி செய்வது என்று சட்டம் வந்தது. காலி செய்யப்போவது கோழிகளை அல்ல, மனிதர்களை. முட்டை நாட்டுக்கு வேண்டும், மாடங்களை நகர்த்த முடியாது, மனிதர்களை நகர்த்தலாம் என்பது அவர்கள் கணக்கு. நெடுஞ்சாலை ஓரம் அடுக்குமாடி கட்டியாகிவிட்டது. எங்களையும் கோழி மாதிரியே அடுக்கி வைக்கப் போகிறார்கள் என்று ஊரே கொதித்தது. தப்பிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. காற்றைச் சுத்தம் செய்ய ஊரிடம் ஒரு வழிமுறை இருக்கிறது, அது உண்மையிலேயே வேலை செய்கிறது என்று ஆணையத்தின் சோதனையில் நிரூபிக்க வேண்டும்.

இங்கேதான் என் மனைவி வருகிறாள். இலக்கியா எனக்கு மாமன் மகள். இதே ஊர்க்காரி, இதே காற்றைக் குடித்து வளர்ந்தவள். வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் பெஞ்சில் அவள் மட்டும்தான் உட்காருவாளாம். அந்தக் கோபத்திலேயே படித்து முடித்து, வெளியூரில் கிடைத்த வேலையை உதறிவிட்டு வந்து, ஊர்க் கோடியில் ஒரு இயந்திரம் கட்டினாள். ஐந்து வருஷ உழைப்பு. ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கும் அது. மாடங்களில் இருந்து வரும் காற்றை ராட்சத விசிறிகள் இழுத்து முதலில் ஒரு வெளிச்ச அறைக்குள் தள்ளும், அப்புறம் அமோனியாவைத் தின்னும் கிருமியைத் தேங்காய் நார்த்தூளில் வளர்த்த ஒரு படுகைக்குள் தள்ளும். உள்ளே கண்ணீர் வரவழைத்த காற்று வெளியே வரும்போது மழை பெய்து ஓய்ந்த காற்றாக வரும்.

ஊருக்கு முதலில் பயம். கிருமியை வைத்துக் காற்றைக் கழுவுவது என்றால் யாருக்குத்தான் பயம் வராது? கிராம சபைக் கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். இலக்கியா எழுந்து நின்று மூன்றே வரியில் அடக்கினாள்.

"கிருமின்னா என்னமோ ஏதோன்னு பயந்துக்காதீங்க. ஒறை மோரு மாதிரிதானுங்க. ஒரு கரண்டி போட்டா தானா பெருகிக்கும், யாரையும் ஒண்ணும் பண்ணாது."

உறை மோர் என்றதும் பெண்கள் பக்கம் சத்தம் நின்றது. அந்த ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்று அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது.

இயந்திரம் ஓட ஆரம்பித்துச் சில மாதங்களில் கம்பம் மஞ்சளுக்கு வந்தது. பொங்கலுக்குப் பிறகு பச்சை. பச்சை விளக்கு எரிந்த முதல் நாள் நான் லாரிகளை எல்லாம் நிறுத்திவிட்டு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். பங்குனியில் ஆணையத்திலிருந்து சோதனைக்கு ஆள் வந்தது. ரோஸ்லின் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும், சென்னையிலிருந்து வந்த அம்மாள். சிரிக்கத் தெரியாதவர் என்று முதலில் நினைத்தேன்.

சோதனை இரண்டு பாகம். முதல் நாள் இயந்திரம் ஓட வேண்டும், கம்பம் பச்சையாக இருக்க வேண்டும். அது ஆயிற்று. இரண்டாம் நாள் இயந்திரத்தை நிறுத்த வேண்டும், கம்பம் சிவப்பாக வேண்டும். அப்போதுதான் பச்சைக்குக் காரணம் இயந்திரம் என்று ஆகும்.

அந்த இரண்டாம் நாள்தான் நாங்கள் எல்லோரும் நாற்றத்துக்காகக் காத்திருந்த நாள். காலையிலேயே இலக்கியா தன் கையாலேயே விசிறிகளை நிறுத்தினாள். நாங்கள் பஞ்சாயத்து அலுவலகத்து முன்னால் கம்பத்தைச் சுற்றி நின்றோம். விளக்கு பச்சையாகவே எரிந்தது. வெயில் ஏறியது. பச்சை. மதியம் ஆயிற்று, எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். பச்சை. என் பெரியப்பா ஒருவர் காற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வேண்டாம் வேண்டாம்னு சொன்னப்பெல்லாம் ஊட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும். இன்னிக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைச்சாலும் வரமாட்டீங்குது பாரு."

சாயங்காலம் வரை அது வரவே இல்லை. ரோஸ்லின் அம்மாள் கையிலிருந்த பலகையில் ஏதோ குறித்துக்கொண்டு இலக்கியாவிடம் வந்தார்.

"இயந்திரம் ஓடினாலும் பச்சை, ஓடாட்டியும் பச்சை. அப்ப உங்க இயந்திரம் எதையும் செய்யலைன்னுதானே அர்த்தம்?"

நான் குறுக்கே விழுந்தேன். "காத்து நல்லா இருக்குதுல்லீங்க மேடம்? அது போதாதுங்களா?"

"போதாது. எதனால நல்லா இருக்குன்னு காட்டணும். காரணம் தெரியாத பச்சை நாளைக்கே சிவப்பாகலாம். அதை நம்பி குழந்தைங்களை இங்க விட முடியாது சார். நாளைக்கழிச்சு சாயங்காலம் நான் கிளம்பணும். அதுக்குள்ள காரணத்தைக் காட்டுங்க. இல்லைன்னா ஊர் காலிப் பட்டியல்லதான் இருக்கும்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். மறுநாள் விடிந்ததும் இலக்கியா கையில் பிடிக்கும் சிறிய அளவுமானியை எடுத்துக்கொண்டு மாடங்களை நோக்கி நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

முதல் மாடத்தின் வாசலில் மானி கத்து கத்தென்று கத்தியது. கோழிகள் கடமையில் தவறவில்லை என்பது தெரிந்தது. ஊரை நோக்கி நடக்க நடக்க எண் இறங்கிக்கொண்டே வந்தது. தெருவுக்குள் நுழைந்ததும் சட்டென்று விழுந்தது. மைனாவதி அக்கா வீட்டின் பின்பக்கம் போனபோது எண் ஏறக்குறைய இல்லை என்றே ஆகிவிட்டது. மைனாவதி அக்கா மாடங்களில் முட்டை பொறுக்கும் பெண்களுக்குத் தலைவி. குரல் கொஞ்சம் பெரியது, கை அதைவிடப் பெரியது, கொடுக்கிற விஷயத்தில்.

பின்பக்கச் சுவர் நல்ல வெள்ளை வெளேரென்று இருந்தது. அதில் வரிசையாக முட்டை அட்டைகளை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். முப்பது குழி உள்ள சாதாரணக் காகித அட்டைதான். எங்கள் ஊரில் முட்டை அட்டை இல்லாத சுவர் கிடையாது. விதை முளைக்கப் போடுவது, அடுப்புக்கு விசிறுவது, ஸ்பீக்கர் சத்தத்தை அடக்குவது, எல்லாவற்றுக்கும் அதுதான். அதனால் இத்தனை நாள் யார் கண்ணுக்கும் அது தனியாகப் படவில்லை. இலக்கியா கிட்டே போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு குழியிலும் ஈரமான நார்த்தூளை அடைத்திருந்தார்கள்.

"அக்கா, இதுல என்ன வெச்சிருக்கறீங்க?"

"என்ன கண்ணு இப்படிக் கேக்கற? உன்ற ஒறைதான்."

"என்ற ஒறையா?"

"நீதான சொன்ன, ஒறை மோரு மாதிரி, ஒரு கரண்டி போட்டாப் போதும் பெருகிக்கும்னு. உன்ற மிசினுப் படுகையில ஒரு கரண்டி எடுத்து நார்த்தூள்ல போட்டு வெச்சேன். ஒரு வாரத்துல ஊட்டுக்குள்ள கோழி வாசமே இல்ல சாமி. அப்பறம் எதுத்த ஊட்டுக்காரி கேட்டா. ஒறை கேட்டு வந்தவளை இல்லைன்னு அனுப்ப முடியுமா? குடுத்தேன். அவ அவிக அண்ணிக்குக் குடுத்தா. அப்படியே போயிருச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே அக்கா?"

மைனாவதி அக்காவுக்கு உண்மையிலேயே அது புரியவில்லை. "ஒறைக்குப் போயி யாராச்சும் அனுமதி கேப்பாங்களா?"

இலக்கியா சுவரைத் தடவிப் பார்த்தாள், விரலில் வெள்ளை ஒட்டியது. "இந்த வெள்ளை?"

"அது பொங்கலுக்கு அடிச்சது. உன்ற மிசினுக்குப் பின்னால டப்பா டப்பாவா வெள்ளைப் பூச்சு வீணாக் கெடந்துது பாரு, அதைச் சுண்ணாம்புல கலந்து ஊரே அடிச்சுட்டோம். இந்த வருசம் மாதிரி ஊடு என்னிக்கும் பளிச்சுனு இருந்ததில்ல."

இலக்கியா அப்படியே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. பார்த்தால் சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீரும் வருகிறது. நான் எதற்கு என்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன்.

அன்று காலை முழுக்க நாங்கள் தெருத்தெருவாகப் போனோம். அட்டை இல்லாத வீடு இல்லை. கோயில் மதில், பள்ளிக்கூடக் காம்பவுண்டு, ரேஷன் கடை. கோழி மாடங்களின் வலையைச் சுற்றிக்கூட வேலை செய்யும் பெண்கள் தங்கள் கண் எரியாமல் இருக்க மாட்டி வைத்திருந்தார்கள். கடைசியாக எங்கள் வீட்டின் கொல்லைச் சுவரில் எட்டு அட்டை தொங்கியது. என் அம்மா துளி கூட வெட்கப்படாமல் சொன்னாள். "பக்கத்து ஊட்டுல வாங்குனேன். மருமக மிசினு கட்டிவெச்சிருக்கறப்ப மருமககிட்டயே போயி கேக்க முடியுமா?"

மத்தியானம் ரோஸ்லின் அம்மாளைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் அட்டையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், இலக்கியாவைப் பார்த்தார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"இயந்திரத்துக்குள்ள ரெண்டு வேலைங்க மேடம்," என்றாள் இலக்கியா. "மொதல்ல வெளிச்சம். அறைக்குள்ள பூசியிருக்கற அந்த வெள்ளைப் பூச்சு மேல வெளிச்சம் பட்டா, பக்கத்துல வர்ற அமோனியா ஒடஞ்சு போகும். முழுசும் ஒடையாது, மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தைக் கிருமி தின்னுரும். வெளிச்சம் மட்டும்னா வேலை முடியாது. கிருமி மட்டும்னா முழு அமோனியாவையும் தாங்காது, செத்துரும். ரெண்டும் சேரணும். அதுக்குத்தான் நான் விளக்கு, விசிறி, குழாய்னு அவ்வளவு பெருசாக் கட்டுனேன்."

"இங்க விளக்கே இல்லையே?"

"வெயில் இருக்குதுங்களே. நாமக்கல் வெயில்." இலக்கியா வானத்தைக் காட்டினாள். "சுவர்ல பூச்சு, சுவரோட ஒட்டி அட்டை. சுவர் ஒடைக்குது, அட்டை தின்னுது. கிருமி தின்னுட்டுப் புளிச்சுப் போகும், அதுதான் எனக்குப் பெரிய தலைவலியா இருந்துது. படுகையை வாரத்துக்கு ஒருக்கா கழுவுவேன். இங்க சுவர்ல இருந்து சுண்ணாம்பு உதிர்ந்து அட்டையில விழுகுது. புளிப்பே ஏறலீங்க. யாரும் யோசிச்சுச் செஞ்சதில்ல. தானா அமைஞ்சுருச்சு."

ரோஸ்லின் அம்மாளின் முகம் இறுகியது. "நல்லா இருக்கு. ஆனா இது உங்க கட்டுப்பாட்டை விட்டு வெளிய போன உயிரு. நாளைக்கு வேற எதையாவது தின்ன ஆரம்பிச்சா யார் பொறுப்பு?"

"நானும் இன்னிக்குக் காலைல மொதல்ல அதுக்குத்தான் பயந்தேன். ஒவ்வொரு தெருவுலயும் ஒரு அட்டை எடுத்துச் சோதிச்சுட்டேன். அமோனியா தவிர அதுக்கு வேற சாப்பாடு இல்லீங்க. சாப்பாடு இல்லைன்னா தூங்கிப்போகும். திறந்த வெளியில வெக்கறதுக்கு ஆணையமே அனுமதி குடுத்த வகைதான். ஆனா ஊடு ஊடா வளக்க நான் அனுமதி கேக்கல. அந்தத் தப்பு என்னோடது. மாசா மாசம் நானே சோதிச்சு அனுப்பறேன்."

"சரி. இது ரெண்டுல எதை உங்க வழிமுறைன்னு பதிவு பண்ணறது? ஒண்ணுதான் பண்ண முடியும். யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் நான் ஆரம்பித்தேன். எனக்கு ஆதங்கம்தான், மறைக்க மாட்டேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்குது புள்ள? நாளைக்கு ஒரு நாள் அட்டையெல்லாம் கழட்டி உள்ள வெக்கச் சொல்லு. சுவரை மூடச் சொல்லு. மிசினை நிறுத்துனா செவப்பு, ஓட்டுனா பச்சை. சோதனை முடிஞ்சுது. ஊரும் தப்பிச்சுது, உன்ற மிசினும் ஜெயிச்சுது. இருபது ஊருக்கு உன்ற பேர்ல மிசினு போகும்."

"எத்தனை வருசத்துல போகும் மாமா?"

"போகும்போது போகட்டும்."

"பட்டியல்ல நம்மளோட இருபது ஊரு இருக்குது. இந்த மிசினை ஒண்ணு கட்டறதுக்கு எனக்கு அஞ்சு வருசம் ஆச்சு. அதுக்குள்ள அவிகளையெல்லாம் அடுக்குமாடில ஏத்தீருவாங்க. அட்டைன்னா ஒரு மாசம்." அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்பறம் இன்னொண்ணு. மிசினோட சுவிட்ச் பண்ணைக்காரங்க கையில இருக்கும். கரண்டு மிச்சம் பண்ணலாம்னு ஒரு நாள் அவிக நிறுத்தினா நாம இருமிக்கிட்டே இருக்கணும். அட்டை நம்ம சுவர்ல தொங்குது. அதை யாரு வந்து நிறுத்துவா?"

"எல்லாம் சரி. அஞ்சு வருசம் நீ தூங்காம கட்டுனது? அதை வேண்டாம்னு நீயே எழுதிக் குடுப்பியா?"

அந்த இயந்திரத்தில் எந்தக் குழாய் எந்தக் கிழமை வந்தது என்று எனக்கே தெரியும். அவளுக்கு எப்படி இருக்கும்?

"வலிக்குது மாமா," என்றாள். "அது வேலை செய்யலைன்னா கூடப் பரவாயில்ல. நல்லா வேலை செய்யுது. அதான் வலிக்குது. ஆனா அதைச் செயிக்க வெக்கறதுக்காக இந்த ஊட்டுச் சுவரை நான் மூட மாட்டேன்."

என் மனைவி என்று சொல்லிக்கொள்வதில் அன்றைக்கு இருந்த அளவு கர்வம் எனக்கு என்றுமே இருந்ததில்லை, எரிச்சலோடு சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அட்டையையே வழிமுறையாகப் பதிவு செய்யச் சொல்லிவிட்டாள் இலக்கியா. மறுநாள் சோதனையைத் தலைகீழாக வைத்தார்கள். இரண்டு பாகத்திலும் இயந்திரம் நின்றே இருக்கும். முதலில் அட்டையும் சுவரும் இல்லாமல், பிறகு அட்டையும் சுவரும் சேர்ந்து. விடியும்போதே மைனாவதி அக்கா தெருவில் இறங்கிவிட்டார். பெண்கள் அட்டைகளைக் கழற்றி அடுக்கடுக்காகத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வகுப்பறைகளுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். மாடத்து வலைகளில் தொங்கியதையும் விடவில்லை. நான் லாரிகளின் தார்ப்பாயை எல்லாம் உருவிக் கொண்டுவந்தேன். போதாத சுவருக்குப் புடவை, போர்வை, கட்சிக் கொடி, கல்யாண பேனர் என்று கையில் கிடைத்ததை எல்லாம் கட்டினோம். ஊர் முழுக்க யாரோ குளிக்க மறைப்புக் கட்டிய மாதிரி இருந்தது.

பிறகு கம்பத்தடியில் போய் நின்றோம். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. என் மூக்குக்கு முதலில் தெரிந்தது, பிறகு கண்ணுக்கு. பச்சை போய் மஞ்சள் வந்தது. பெரியப்பா இருமினார். உச்சி வெயிலுக்கு முன் கம்பத்தில் சிவப்பு எரிந்தது. ஊரே விசில் அடித்தது. இருமிக்கொண்டே கை தட்டினார்கள், கண் எரிய எரிய ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டார்கள். அவ்வளவு மோசமான நாற்றத்துக்கு அவ்வளவு பெரிய வரவேற்பு எந்த ஊரிலும் கிடைத்திருக்காது. ரோஸ்லின் அம்மாள் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி எங்களைப் பைத்தியங்களைப் போலப் பார்த்தார்.

சிவப்பு உறுதியானதும் மறைப்புகளை இழுத்துத் தள்ளினோம். அட்டைகள் சுவருக்குத் திரும்பின. பங்குனி வெயில் வெள்ளைச் சுவர்களில் அடித்தது, கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை. அம்மாள் ஒரு நாற்காலியைப் போட்டுக் கம்பத்துக்கு எதிரே உட்கார்ந்தார். காபி கொடுத்தோம், குடித்தார். மோர் கொடுத்தோம், குடித்தார். சிவப்பு தயங்கித் தயங்கி மஞ்சளாயிற்று. வெயில் சாய ஆரம்பித்த நேரத்தில் மஞ்சள் போய்ப் பச்சை வந்தது. இந்த முறை யாரும் விசில் அடிக்கவில்லை. எல்லோரும் சும்மா மூச்சு விட்டுக்கொண்டு நின்றோம். மைனாவதி அக்கா மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரோஸ்லின் அம்மாள் பலகையில் எழுதி முடித்துவிட்டு இலக்கியாவைக் கூப்பிட்டார். "தேறிடுச்சு. வரகம்பாளையம் பட்டியல்ல இருந்து எடுத்தாச்சு. மத்த ஊர்களுக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்த வகைக் கிருமியை வளர்த்தது நீங்க. பூச்சு உங்களுது. எல்லாம் உங்க மூளை. அட்டைன்னு எழுதினா உங்க பேர் எங்கயும் வராதே, பரவாயில்லையா?"

"ஒறை ஊத்துனவ பேரைத் தயிர்ல எழுதறதில்லீங்களே மேடம்," என்றாள் இலக்கியா.

அம்மாள் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். எனக்கு அந்தப் பதில் நன்றாகவே இருந்தது, ஆனாலும் மனசு கேட்கவில்லை. பேர் எங்கேயும் வராது என்றார்களே, அதனால்தான் இத்தனையும் நான் எழுதி வைக்கிறேன். அவள் பெயர் இலக்கியா. வரகம்பாளையம் இலக்கியா.

அம்மாளின் காரில் பெட்டிகளை எல்லாம் ஏற்றியாயிற்று. கார் தானாகவே விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றது. அம்மாள் ஏறவில்லை. கொஞ்ச நேரம் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, மைனாவதி அக்கா வீட்டு வாசலுக்கு நடந்து போனார். நானும் இலக்கியாவும் என்னமோ ஏதோ என்று பின்னாலேயே ஓடினோம்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றார் அம்மாள். ஊரைக் காலி செய்யும் அதிகாரத்தோடு வந்தவரின் குரலாகவே அது இல்லை. "எங்க குடியிருப்புக்குப் பின்னாலயே கழிவுநீர் சுத்திகரிக்கிற இடம் இருக்கு, அங்கயும் இதே அமோனியா நெடிதான். நான் அங்க குடிபோனதுல இருந்து ஜன்னலைத் திறந்ததே இல்லை. எனக்கு ஒரு கரண்டி உறை கிடைக்குமா?"

மைனாவதி அக்கா திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வெளக்கு வெச்சாச்சே சாமி. வெளக்கு வெச்சதுக்கு அப்பறம் ஒறை குடுக்கற பழக்கம் எங்க ஊட்டுல இல்ல. காலைல குடுக்கறேன். இருந்து வாங்கீட்டுப் போ."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆணையத்து அதிகாரியிடம் இப்படியா பேசுவது? அம்மாள் காரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

என் வயதுக்கு, வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் ஊரில் ராத் தங்கி நான் பார்த்ததே இல்லை. சொந்தக்காரர்கள் கூடச் சாப்பிட்ட கை காய்வதற்குள் பஸ் பிடித்துவிடுவார்கள். இலக்கியா புதுப் பாயும் தலையணையும் எடுத்துவர எங்கள் வீட்டுக்கு ஓடினாள். அவள் வந்து பாயை விரித்தபோது, கூடத்தில் கொசு வருமே என்று மைனாவதி அக்கா ஜன்னலைச் சாத்தப் போனார்.

"அது இருக்கட்டும்மா," என்றார் ரோஸ்லின் அம்மாள். "திறந்தே இருக்கட்டும்."